சர்க்கரை மெதுவாகத்தான் இறங்க வேண்டும்

பாப்பா,

நேரில் பேசினால் கத்திவிடுவேன், போனில் பேசினால் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். காலை ஏலத்தில் எடுத்த சங்கரா மீனையும் கானாங்கத்தையையும் செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு மர நிழலில் என் குட்டி யானை வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். ஸ்டியரிங் மேல் அட்டை, அட்டை மேல் காகிதம். பின்னால் ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத மனுஷன் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வது சரிதான். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை வண்டியை விட்டு இறங்கி ஏறிவிட்டேன். கை தானாகப் போனை எடுக்கிறது. போனில் உன் நம்பர் வரும் இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது.

நம்பர் என்றால் நம் வீட்டில் ஒரே ஒரு நம்பர்தான். உன் கையில் ஒட்டியிருக்கும் அந்தக் காசு அளவு சென்சார், உன் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சில நிமிடத்துக்கு ஒரு தடவை உன் போனுக்கு அனுப்பும். நீ சம்மதித்தால் என் போனுக்கும் அனுப்பும். நீ பொத்தேரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, தினமும் நாலு தடவை போன் போட்டு உன் உயிரை எடுக்கிறேன் என்று நீயே என் போனை வாங்கி அதைப் போட்டுக் கொடுத்தாய். "இனிமே கேக்காத நைனா, பாத்துக்கோ" என்றாய். அன்றிலிருந்து நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஏலத்தில் கூடையைப் பார்ப்பேன், நம்பரைப் பார்ப்பேன். தராசைப் பார்ப்பேன், நம்பரைப் பார்ப்பேன். நீ ஆபீஸில் பிறந்தநாள் கேக் சாப்பிட்டால் மார்க்கெட்டில் எனக்குத் தெரியும். நீ ஊசி போட்டுக்கொண்டதும் அது இறங்குவதும் தெரியும். உன் கூடவே உட்கார்ந்திருப்பதாக ஒரு நினைப்பு எனக்கு. போன மாதம் உன் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போன அன்றுதான் அந்த நினைப்புக்கு அடி விழுந்தது.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சம்மந்தியம்மாவும் வேன் பிடித்துக் காஞ்சிபுரம் கிளம்பிவிட்டீர்கள். உன் அம்மா உங்களோடு வந்தாள், எனக்கு லோடு இருந்தது. வாலாஜாபாத் தாண்டியிருப்பீர்கள். என் போன் அலறியது. பார்த்தால் நம்பர் கிடுகிடுவென்று கீழே இறங்குகிறது. உனக்குப் போட்டேன், எடுக்கவில்லை. உன் அம்மாவுக்குப் போட்டேன், அவள் போன் எப்போது எடுத்தாள்? மாப்பிள்ளைக்குப் போட்டு, "மாப்ள, வண்டிய நிறுத்துங்க! பாப்பாவுக்கு சுகர் எறங்கிகினு கீது! ஜூஸ் குடுங்க, ஸ்வீட்டு கீதா, எது கீதோ குடுங்க!" என்று கத்தினேன். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. பாவம் அந்தப் பிள்ளை, பதறிப்போய் நடுரோட்டில் வேனை நிறுத்தியிருக்கிறார். சம்மந்தியம்மா அழுதுகொண்டே உன் வாயில் மாம்பழ ஜூஸை ஊற்றி, மேலே லட்டையும் திணித்திருக்கிறார். நீ தூக்கக் கலக்கத்தில் விழுங்கிவிட்டாய். நீ சென்சார் இருந்த கையின் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறாய், கை அழுந்தியதால் அது தப்பாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. விரலைக் குத்திப் பார்த்திருந்தால் ஒன்றுமே இல்லை. நான் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். புடவைக் கடைக்குள் நீ நுழைந்தபோது சர்க்கரை முந்நூறைத் தாண்டி, தலை சுற்றி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, கல்யாணப் புடவையை உன் அம்மாதான் தேர்ந்தெடுத்தாளாம். அந்தப் பச்சை உனக்குப் பிடிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ கத்தவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்று, "அவங்க வூட்ல எல்லாருக்கும் எனக்கு சுகர் கீதுன்னு தெரியும் நைனா. தெரிஞ்சிதான் பொண்ணு கேட்டாங்க. ஆனா யாரும் என்ன பேஷண்டா பாக்கல. நீ ஒரே போன்ல என்ன பேஷண்டாக்கிட்ட. இப்ப அத்த என்ன ஒத்தையில பாத்ரூமுக்குக் கூட வுட மாட்டேங்குது" என்றாய். அப்புறம் உன் போனில் எதையோ அழுத்தினாய். என் போனில் கோடு விழுந்தது. அன்றிலிருந்து கோடுதான். நீ செய்தது நியாயம். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. உன்னை ஏழு வயதில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நின்றேனே, அதே மாதிரி நிற்கிறேன். அந்தக் கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பெரிய மாமா சண்டை போட்ட கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்போம், மிச்சத்தை யாரும் சொன்னதில்லை. அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

அந்த வெயில் காலத்தில் நீ குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. குடத்துக்குப் பக்கத்திலேயே டம்ளரோடு உட்கார்ந்திருப்பாய். படுக்கையை நனைக்க ஆரம்பித்தாய். ரெண்டாம் கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று உன் அம்மா திட்டினாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. வெயில் என்றோம், சூடு என்றோம், இளநீர் வெட்டிக் கொடுத்தோம். கடையில் விற்கிற குளுக்கோஸ் மாவைக் கரைத்துக் கொடுத்தோம். வெயிலில் துவண்ட பிள்ளைக்கு நம் கடலோரத்தில் எல்லா வீட்டிலும் அதைத்தான் கொடுப்பார்கள். ஒருநாள் காலையில் வாந்தி. மூச்சு வேகமாக, ஆழமாக, ஓடி வந்தவள் மாதிரி வாங்கினாய். பக்கத்துக் கிளினிக்கில் வீசிங் என்று மாஸ்க் மாட்டிப் புகை மருந்து வைத்தார்கள். அப்படி ஒரு மூச்சைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். மூச்சு அடங்கவில்லை, கண் சொருகியது. உன்னை அம்மா மடியில் போட்டு, மீன் பெட்டியைக் கூட இறக்காமல் இதே ரோட்டில்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உன்னை வாங்கிக்கொண்ட சிஸ்டர் குனிந்து உன் மூச்சை மோந்து பார்த்தார். "பழம் அழுகுன வாசன வருதேப்பா, தண்ணி நெறைய குடிச்சாளா?" என்று கேட்டார். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. பொழுது விடிந்தால் மீன் வாசனையில் நிற்கிற மூக்கு இது. உன் விரலைக் குத்தினார்கள். மெஷினில் நம்பரே வரவில்லை, 'ஹை' என்று இங்கிலீஷில் இரண்டு எழுத்து வந்தது. மெஷினுக்கு எண்ண முடிகிற அளவையெல்லாம் தாண்டிவிட்டால் அப்படித்தான் காட்டுமாம். உன்னைத் தூக்கிக்கொண்டு குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டுக்குள் ஓடினார்கள். கதவு மூடியது. கண்ணாடி வழியாக உன் கால் மட்டும் தெரிந்தது. ஒரு காலில் கொலுசு, இன்னொரு கொலுசு வண்டியில் விழுந்து கிடந்தது.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. இன்றைக்கு உனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே வந்து, எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். உன் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இன்சுலின் இல்லாததால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிட்டது, சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு கொழுப்பை எரித்ததில் ரத்தம் முழுக்க அமிலம் சேர்ந்துவிட்டது, அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் நீ அப்படி மூச்சு வாங்குகிறாய் என்றார். "சின்னப் புள்ளைக்கு சுகரா டாக்டர்?" என்றேன். "வருது. நீங்க எதுவும் செஞ்சி வரல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுவேன். பிறகு முதலில் சலைன் ஏற்றினார்கள். அப்புறம் ஒரு ஊசிக் குழலைச் சின்ன மெஷினில் படுக்க வைத்து, அதிலிருந்து இன்சுலினை நூல் இழை மாதிரி விட்டார்கள். மணிக்கு மணி விரலைக் குத்திப் பார்த்தார்கள். நான் போய் நின்றேன். "இவ்ளோ சுகர் ஏறிக்கீது, இத்தினூண்டு மருந்து விட்டுகினு கீறீங்க, நெறைய விட்டு ஒரே அடியா எறக்கக் கூடாதா?" என்றேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "ஏறினது பல நாளா ஏறியிருக்கு. நாம அவசரமா இறக்கினா மூளை வீங்கிடும். மெதுவாத்தான் இறக்கணும். உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

கஷ்டம் என்பது சின்ன வார்த்தை பாப்பா. ஐஸ் கரைவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டியே வாழ்ந்தவன் நான். மெதுவாக என்று யாராவது சொன்னாலே உடம்பு எரியும். நீ வேறு உள்ளே தண்ணீர் கேட்டு அழுதாய். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த சிஸ்டர் பஞ்சை நனைத்து உன் உதட்டில் தொட்டுத் தொட்டு வைத்தார். வெளியே என் வண்டியில் பெட்டி பெட்டியாக ஐஸ் கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே என் பிள்ளை ஒரு வாய்த் தண்ணீருக்கு அழுகிறது. நான் நடந்தேன். வாசலுக்கும் வார்டுக்கும் நடந்தேன். உன் அம்மா ஒரே இடத்தில் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. எப்படி இவளால் உட்கார முடிகிறது என்று கோபம்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மேல் பெரிய மாமா வந்தார். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தில் வேலை, உளிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே குரல் உரத்துப்போன மனுஷர். உன் அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். அந்த நேரம் பார்த்து உன் சர்க்கரை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தோம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் புதுசாக ஒரு பாட்டிலை மாட்டுகிறார்கள். மாமா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, பாட்டில் மேல் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா மச்சான் இது? சுகர் பேஷண்டுக்குப் போயி குளுக்கோஸ் ஏத்திகினு கீறாங்க! கொல்லப் பாக்குறாங்களா? தூக்கு புள்ளைய. மெட்ராஸ் போயிடலாம். நீ ஓட்ற ஓட்டத்துக்கு ஒரு அவர்ல போயிடலாம்" என்றார். எனக்குத் தலையில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. சர்க்கரைதான் எதிரி என்று முந்தின நாளெல்லாம் சொன்னார்கள், இப்போது சர்க்கரையையே ஏற்றுகிறார்கள். மாமா சொன்னது அவ்வளவு நியாயமாகப் பட்டது. அதை விட, ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னதே போதுமாக இருந்தது. கை கால் சும்மா இருந்ததில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. சாவியை எடுத்தேன்.

டாக்டரம்மா வெளியே ஓடி வந்து சொல்லிப் பார்த்தார். சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனால் ரத்தத்தில் அமிலம் இன்னும் போகவில்லை, அமிலம் போக இன்சுலின் தொடர்ந்து ஓட வேண்டும், இன்சுலின் மட்டும் ஓடினால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும், அதனால்தான் கூடவே கொஞ்சம் குளுக்கோஸ் விடுகிறோம் என்றார். இப்போது எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அன்று ஒன்றும் ஏறவில்லை. மாமா கதவைத் தள்ளினார், நான் அவர் பின்னால். உன் அம்மா எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே காலை நீட்டிக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். "புள்ளைய தூக்கணும்னா என்ன மிதிச்சிகினு போங்க" என்றாள். மாமா, "உனுக்கு இன்னாடி தெரியும்?" என்று கத்தினார். "எனுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. அந்த சிஸ்டரு காலைலருந்து நாஸ்தா கூட துன்னாம எம்புள்ள மூஞ்சிய பாத்துகினு கீது. அவங்கள வுட்டுட்டு உன்ன நம்பி ரோட்ல போவச் சொல்றியா? யோவ், நீ சாவிய உள்ள போடு" என்றாள். அண்ணனை எதிர்த்து அதுவரை ஒரு சொல் பேசாதவள். நான் சாவியைப் பாக்கெட்டில் போட்டேன். எனக்குப் புரிந்ததால் போடவில்லை. அவளை மிதித்துக்கொண்டு போக முடியாது என்பதால் போட்டேன். மாமா கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். இது வரைக்கும்தான் நாம் சொல்லிச் சிரிக்கிற கதை.

அதற்கப்புறம் நடந்தது இது. அந்த சிஸ்டர் உன் விரலைக் குத்தும் ஒவ்வொரு தடவையும் உன்னைத் தட்டி எழுப்பி, உன் பேர் என்ன, எந்த ஸ்கூல் என்று கேட்பார். நீ எரிச்சலோடு சொல்வாய். எதற்குத் தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறார்கள் என்று எனக்கும் எரிச்சல். மாமா போய் அரை மணி நேரம் இருக்கும், நீ தலை வலிக்கிறது என்றாய். சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். உனக்குத் தெரியவில்லை. மெஷினில் சர்க்கரை நம்பர் நல்லபடியாகத்தான் இருந்தது பாப்பா, அன்று காலையிலிருந்து அதுதான் மிக நல்ல நம்பர். சிஸ்டர் நம்பரைப் பார்க்கவில்லை, கத்தி டாக்டரைக் கூப்பிட்டார். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். மூளை வீக்கத்துக்கான மருந்தை முதல் நாளே உன் கட்டில் பக்கத்தில் தட்டில் தயாராக வைத்திருந்தார்கள், அதைத் தேடி யாரும் ஓடவில்லை, உடனே ஏற்றிவிட்டார்கள். என்னை வெளியே தள்ளிக் கதவை மூடினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் கிளம்பியிருந்தால் அந்த நேரம் எங்கே இருந்திருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொத்தேரியில் காலேஜ் விடுகிற நேரம். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரோட்டைக் கடக்க, டிராபிக்கில் நான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருப்பேன். பின்னால் மாமா மடியில் நீ. இன்றைக்கும் உன் ஆபீஸ் வாசலில் உன்னை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்த இடத்தில் மட்டும் நான் ஹாரன் அடிப்பதில்லை. உனக்கு அது பஸ் ஸ்டாப்.

நீ பிழைத்தாய். சிஸ்டர் மறுபடி கேட்டபோது, "எங்க நைனா, இது கூட தெரியாதா?" என்று அவரையே திட்டினாயாம். மெதுவாக அமிலம் போயிற்று, மெதுவாக மூச்சு அடங்கியது. முதல் இட்லியை நீ தின்றபோது உன் அம்மா முதல் தடவையாக அழுதாள். ஊசி போடுவதை அவள் கற்றுக்கொண்டாள், பிறகு நீயே கற்றுக்கொண்டாய். பள்ளிக்கூடச் சுற்றுலாவில், பஸ்ஸில், காலேஜ் கேன்டீனில், யாருக்கும் தெரியாமல் சட்டென்று போட்டுக்கொண்டு அடுத்த பேச்சைப் பேசுவாய். ஒரு தோசைக்கு எவ்வளவு இன்சுலின், பிரியாணிக்கு எவ்வளவு என்று எங்களுக்கு நீதான் சொல்லிக்கொடுத்தாய். இவ்வளவும் செய்தவளை நான் ஒரு போன் சத்தத்துக்குப் பயந்து நடுரோட்டில் லட்டு ஊட்ட வைத்தேன். அந்த வார்டில் கண்ணெதிரே பார்த்தவன் நான், நல்ல நம்பரோடு பிள்ளை மயங்கியதைப் பார்த்தவன், கெட்ட நம்பர் ஒன்றைப் பார்த்ததும் உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. மாமாவைச் சொல்லிச் சிரிக்கிறோம், எனக்குள்ளும் ஒரு மாமா உட்கார்ந்திருக்கிறார்.

சரி, அப்பன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்டால் கேள். முகூர்த்தம் முடியும் வரை பெண் சாப்பிடக் கூடாது என்று யாராவது வருவார்கள். நீ சாப்பிடு. ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன். காய்ச்சல் வந்தாலும், வாந்தி எடுத்தாலும், ஒரு வாய் சாப்பிடவில்லை என்றாலும் இன்சுலினை மட்டும் நிறுத்தாதே, உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். புகுந்த வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது உனக்குச் சர்க்கரை இறங்கினால், மரியாதைக்காக உட்கார்ந்திருக்காதே, எழுந்து போய் எடுத்துக் குடி. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அன்று பதறியது அவர் தப்பில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவருக்கு மீட்டரைப் பார்த்துப் பழக்கம், நம்பர் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார். அவரிடம் கோபித்துக்கொண்டாலும் பேசி முடி, என் போனில் விழுந்த மாதிரி கோடு விழ வைக்காதே. சம்மந்தியம்மாவிடம் பொறுமையாக இரு. அவருக்குள் பயத்தை விதைத்தது நான்தான். அது ஒரே நாளில் போகாது, அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும், மெதுவாக இறங்கட்டும்.

இதுவரை எழுதிவிட்டு, கடைசியில் உன்னிடம் கெஞ்சப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நம்பரைத் திருப்பிக் கொடு, பார்க்க மட்டும் செய்கிறேன், யாருக்கும் போன் போட மாட்டேன், உன் அம்மா மேல் சத்தியம் என்று எழுத வேண்டும் என்றுதான் காகிதமே வாங்கினேன். அப்போது போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. நீ இல்லை, சம்மந்தியம்மா. பத்திரிகை, பந்தல் எல்லாம் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, ஒண்ணு கேக்கணும். பாப்பாவோட நம்பரு உங்க போன்ல வருமாமே. அத எம்போன்லயும் வர்ற மாதிரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்களேன். எம்புள்ள காலைல ஸ்டாஃப் பஸ்ல ஏறுனா சாயங்காலந்தான் வருவான். நீங்க சொன்னா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா" என்றார். எனக்கு நாக்கு ஊறியது பாப்பா, மறைக்க மாட்டேன். அவர் போனில் வந்தால் என் போனில் வந்த மாதிரிதான். மணிக்கு ஒரு தடவை சம்மந்தி சௌக்கியமா என்று கேட்டால் போதும், நம்பர் வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நீயும் முடியாது என்று சொல்ல முடியாது.

"அது அவளோடதும்மா. அவளா குடுத்தா வாங்கிக்கோங்க. குடுக்கலன்னா கேக்காதீங்க" என்றேன். "அப்ப அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்டிண்ணா தெரியும்?" என்றார். "அவ சொல்லுவா." "சொல்லலன்னா?" "நல்லா கீறான்னு அர்த்தம்." பிறகு, "நீங்க மட்டும் பாத்துகினு கீறீங்களேண்ணா" என்றார். நீ பிடுங்கிக்கொண்டாய் என்று சொல்லியிருந்தால், அப்பனிடமே இவ்வளவு பிடிவாதமா என்று உன்னைப் பற்றி நினைத்திருப்பார். "இல்லம்மா, எனக்கும் வர்றதில்ல. நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேன். அவ என்ன விட நல்லா பாத்துக்குறா" என்றேன். அவர் வைத்துவிட்டார். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை உன் மாமியாரிடம் சொல்லிவிட்டேன், இனி அதை உண்மையாக்கியாக வேண்டும். போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். எடுக்கட்டுமா என்று போன் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினேன். உன் சர்க்கரை இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வண்டியை எடுக்கப் போகிறேன்.

உன் நைனா